கடையில் வாங்கிய வேஸ்ட்

இன்று எங்கள் பள்ளியில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி.

அம்மா மாமல்லபுரம் கடைகளுக்காகச் சிப்பிப் பொம்மை ஒட்டும் மேசையில் ஒரு ரெக்சின் விரிப்பு கிடந்தது. அது கிழியத் தொடங்கியதும் கேட்டு வாங்கி, புத்தகப் பை தைத்தேன். காய்ந்த பசை, சிந்திய பெயின்ட், டீ டம்ளர் வைத்த வட்டம் எல்லாம் அப்படியே இருந்தன. பரிசு எனக்குத்தான் என்று நம்பினேன். அங்கிருந்த ஒரே உண்மையான வேஸ்ட் அதுதான்.

பக்கத்தில் திவ்யா ஐஸ் குச்சிகளால் மாளிகை கட்டியிருந்தாள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

“இன்னாடி, புதுக் குச்சியா கீது?”

“பின்ன? செங்கல்பட்டு ஃபேன்சி ஸ்டோர்ல பாக்கெட்டா வாங்கினேன். ஐஸ் சாப்ட்ட குச்சிய எவடி தொடுவா?”

நடுவராக வந்த மிஸ் என் பையை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்னம்மா இவ்ளோ கறை? புது ரெக்சின் வாங்கித் தைச்சிருக்கலாமே?”

“வேஸ்ட்ல செய்யணும்னுதானே மிஸ் சொன்னீங்க?”

“வேஸ்ட்டா இருந்தாலும் நீட்டா இருக்கணும்.”

முதல் பரிசு மாளிகைக்கு.

பள்ளி விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் மாளிகையின் கூரை பசை விட்டுக் கழன்றது. திவ்யா அழாத குறை.

“உன் பைக்குள்ள தண்ணி போகாதில்ல? குடுடி, ப்ளீஸ்!”

என் புத்தகங்களைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு கொடுத்தேன். முதல் பரிசு நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தது.

நல்ல, சுத்தமான வேஸ்ட் எந்தக் கடையில் கிடைக்கும், நண்பர்களே? அடுத்த வருடம் நானும் வாங்க வேண்டும்.