புடவைக்குக் கத்தாத கருவி

தில்லியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரைப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நின்று வைப்பதுதான் எங்கள் வழக்கம். நான் மட்டும் தனியாகப் போய் நின்றால் தங்கை வீட்டார் வறுத்தெடுத்துவிடுவார்கள். என் மனைவியோ சென்னை விமான நிலையத்துக்குள் நுழைந்ததுமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விமானத்தில் ஏற மாட்டாளாம்.

எல்லாம் வாட்ஸப் செய்த வேலை. எந்த விமானத்துக்கோ எவனோ வெடிகுண்டு மிரட்டல் விட்டானாம். காலையிலிருந்து குடும்பக் குழுவில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போகிறவள் இவள். அப்போதெல்லாம் வராத உயிர்ப்பயம் இப்போது வந்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் கேட்பாள் என்று விமானக் கம்பெனியின் கவுண்டருக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் உதட்டுச்சாயம் கலையாமல் சிரித்தாள்.

"குண்டு இருக்குதுன்னு சொல்றாங்களேம்மா, பாத்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை, மேடம்."

"அது சரிம்மா. பாத்தீங்களா, இல்லியா?"

"உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, மேடம். ஜன்னலோர சீட் வேண்டுமா? அதற்குத் தனிக் கட்டணம்."

குண்டைப் பற்றிக் கேட்டால் ஜன்னலை விற்கிறாள். நானும் பட்டுப்புடவைக் கடைக்காரன்தான், ஆனால் இவளிடம் நான் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். என் மனைவி திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் வியாபார வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"தோ பாரும்மா, உள்ள போலீஸ்காரம்மா ஒரு மிஷின் வெச்சிக்கினு நிக்கும். இரும்பு, வெள்ளி, எது இருந்தாலும் கத்தும். நம்ம கடைப் புடவைய கட்டிக்கினு போன ஒரு அம்மாவ அரை மணி நேரம் நிறுத்திட்டாங்களாம், ஜரிகையில வெள்ளி இருக்குதுன்னு. ஜரிகையையே புடிக்கிற மிஷினு, குண்ட வுட்டுடுமா?"

அவள் தன் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். போன தீபாவளிக்கு நான் கொடுத்த அரக்கு நிறப் பட்டு.

"அப்போ இதுக்கும் கத்துமா?"

"கத்தாம? அசல் காஞ்சிபுரமாச்சே."

சொன்னது நானேதான். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை. அவள் முகம் தெளிந்தது. எழுந்து வந்தாள்.

பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தபோது முகம் மறுபடியும் வெளுத்திருந்தது.

"தாலிக்குக் கத்துச்சு, வளையலுக்குக் கத்துச்சு. புடவைக்குக் கத்தவே இல்லீங்க. நான்கூட அந்தம்மாவ இன்னொரு வாட்டி தடவிப் பாக்கச் சொன்னேன். கம்முனு இருந்துச்சு."

"சரி, அதுக்கு இன்னா இப்போ?"

"மெல்லிசா இருந்தா வுட்டுடுது போலக்குது. குண்டு வெக்கிறவன் மெல்லிசா வெச்சான்னா? நான் வர்ல. நீங்க போங்க." அங்கேயும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

விமானத்தில் ஏறக் கடைசி அழைப்பு கொடுத்துவிட்டார்கள். வாசலில் நின்ற கம்பெனிப் பையன், அவளுடைய பாதுகாப்பே தங்கள் முதல் கடமை என்று மறுபடியும் ஆரம்பித்தான். அவனை அறையலாம் போலிருந்தது.

கருவி கெட்டுப்போனது என்று நான் தலையாட்டினால் அவள் ஏற மாட்டாள். நல்ல கருவி என்றால் என் குட்டு உடையும். கடையில் தேங்கிக் கிடந்த புடவை அது. அசல் ஜரிகை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன்.

"மிஷின் மேல தப்பு இல்லம்மா," என்றேன்.

"பின்ன?"

"அது பிளாஸ்டிக் ஜரிகை."

முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கடைக்கு வர்றவங்களுக்கும் இதைத்தான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சேச்சே. அவங்களுக்கு அசல்தான். எவனாவது எடுத்துக்கினு போய் சோதிச்சிப் பாத்துடுவான்ல?"

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் சோதிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

கேட்டுவிட்டு, எனக்கு முன்னால் போய் விமானத்தில் ஏறினாள்.