வெட்டுண்ட வெள்ளியும் புனிதா அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது புனிதா அக்காவின் கணவர் சிவகுமார் அண்ணையின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, புனிதா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். உடனே அழைப்பை வைத்துவிட்டார். நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன்.

இங்கே நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லத்தில் புனிதா அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஓய்வு நாட்களில் அவர் உலோகம் தேடும் கருவியோடு வயல்களில் நடப்பார் என்பது அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் சிலருக்கே தெரியும். தெரிந்தவர்களும் சிரித்தோம். "புதையல் எடுத்தா எங்களையும் கவனியுங்கோ அக்கா" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் மகன் தன் வயலில் தேட அனுமதி கொடுத்தார். பனி உருகி, விதைப்புக்கு முந்திய ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மதியத்துக்குப் பிறகு கருவி கூவியது. அக்கா மண்ணை விலக்கி எடுத்தது பாதியாக வெட்டப்பட்ட ஒரு மெல்லிய வெள்ளிக் காசு. அதில் அரபு எழுத்து இருந்தது. ஒரு கை தூரத்துக்குள் இன்னொரு துண்டு, பிறகு மூன்றாவது. நானும் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் கிண்டிப் பாப்பம்."

"இல்லை. இனிக் கை வைக்கக் கூடாது. எது எதுக்குப் பக்கத்திலை கிடந்தது எண்டதிலைதான் கதை இருக்கு. நாங்கள் கிண்டினா வெள்ளி மட்டும்தான் மிஞ்சும்."

அங்கேயே நின்று தொல்லியல் அலுவலகத்துக்கு அறிவித்தார். மழை தூறத் தொடங்கியும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

வந்த தொல்லியலாளர் பெண்மணி பொறுமையாக விளக்கினார். ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய காசுகள். பாக்தாத்திலும் அதற்கு அப்பாலும் அச்சிடப்பட்டு, பெரும் ஆறுகள் வழியே கைமாறி வடக்கே வந்தவை. இங்கே அவற்றில் இருந்த அரசன் பெயரை யாரும் பொருட்படுத்தவில்லை. வெள்ளியை நிறுத்துத்தான் வியாபாரம் செய்தார்கள். எடை சரிவரக் காசையே வெட்டினார்கள். கலப்படமா என்று பார்க்கக் கத்தி நுனியால் கீறினார்கள்.

"இஞ்சையிருந்து பதிலுக்கு என்ன போனது?" என்று அக்கா நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"விலங்குத் தோல். அடிமைகள். பிடித்து விற்கப்பட்ட பெண்களும்."

அக்கா அந்தப் பாதிக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "அப்ப இதுக்குள்ளை ஒரு பெட்டை இருக்கிறாள்."

திரும்பும்போது கார் ஓட்டியது நான். மோர்டென்ஸ்ருட்டில் அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அக்கா இறங்கவில்லை.

"புதைச்ச ஆக்கள் திரும்பி வந்திருந்தா இது எங்கடை கையிலை கிடைச்சிராது. அதை நினைச்சா எனக்குச் சந்தோசப்பட ஏலாமல் கிடக்கு."

அப்போதுதான் ஹசீனாவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பக்கத்து ஒழுங்கையில் இருந்த பள்ளித் தோழி. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று, அவளுடைய தாய் ஒரு தகரப் பேணியில் வெள்ளிக் கொலுசுகளைப் போட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதைத்தார். ஹசீனா அதைத் தன் சிநேகிதிக்கு மட்டும் காட்டினாள். "ஒரு கிழமையிலை வந்திடுவம். நீ பாத்துக்கொள்" என்றாள். அவர்கள் வரவில்லை. பிறகு அக்காவின் குடும்பமும் இடம்பெயர்ந்தது.

"நான் பாத்துக்கொள்ளேல்லை" என்றார் அக்கா.

அதன் பிறகு, கடந்த வருடம் அவர் யாழ்ப்பாணம் போனது ஒரு கலியாணத்துக்கு என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் அந்த ஒழுங்கைக்கும் போயிருக்கிறார். கோழிக்கூடு இருந்த இடம் சீமெந்து போட்ட முற்றமாகியிருந்தது. அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாராம். அவரிடம் எதையும் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் பலர் குடியேறிய புத்தளத்தில் விசாரித்ததில் ஹசீனா என்ற பெயரில் பலர் இருந்தார்கள். அவருடைய ஹசீனா இல்லை. திரும்பி வந்து சில மாதங்களில் நோய் தெரிந்தது.

மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது ஒரு தாளை நீட்டினார். வயலில் ஏதாவது கிடைத்தால் நிரப்பி அனுப்புவோமே, அதே மாதிரி அறிக்கை. கிணறு, வேலி, கூடு இருந்த மூலை, அடிக் கணக்கு, வடக்கு நோக்கிய அம்புக்குறி. பொருள்: வெள்ளிக் கொலுசு, இரண்டு சோடி. கண்டெடுத்தவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஹசீனாவின் பெயரும் அவளுடைய வாப்பாவின் பெயரும் அக்காவின் கையெழுத்தில் இருந்தன.

"உனக்கு எழுதேல்லை. அவளுக்கு" என்றார்.

அக்காவின் சேலைகளைத் தங்கைமார் எடுத்துக்கொண்டார்கள். கருவியை அண்ணை வைத்திருக்கிறார். என்னிடம் அந்தத் தாள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புனிதவதி என்றொரு சிநேகிதி இருந்ததாகச் சொல்லும் ஹசீனா ஒருவரை உங்களில் எவரேனும் எங்கேனும் சந்தித்தால், எனக்கு அறிவியுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.