ஒன்றும் நடக்காத வாரத்துச் சாட்சி

தொண்ணூற்றொன்றில் மறைமலை நகரில் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓலைக்கொட்டகை ஜெபக்கூடம் ஒன்றுக்குப் போவேன். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர், காய்ச்சல் விட்டவர் என்று ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். கூட்டம் "அல்லேலூயா" என்னும்.

கடைசியாக, ஏதோ ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் ஓர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார். முக்காடு போட்ட புடவையில் மெஷின் ஆயில் வாடை அடிக்கும்.

"எங்க வூட்டுக்காரரு இன்னும் படுத்துகினுதான் கீறாரு. இந்த வாரமும் கை கால் அசையல. ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார். இதற்கு அல்லேலூயா சொல்லலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் குனிந்து பாயைப் பார்ப்போம்.

ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன்: "அவருக்கு நல்லானப்புறம் சொல்லலாமேம்மா?"

"இன்னா தம்பி, நல்லானவங்க சாட்சிய அவங்க சொல்றாங்க. ஒண்ணும் நடக்காமயே வாராவாரம் வந்துகினு கீறேனே, அத யாரு சொல்லுவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார். ஆறு மாதத்தில் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதற்கு நானும் எழுந்து சாட்சி சொன்னேன். அந்த அம்மாதான் முதலில் "அல்லேலூயா" என்றார். நான் அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூட அதைச் சொன்னதில்லை.