மணிக்கட்டுச் சூடு

அன்று காலை கடையில் இருந்தது நான். என் வீட்டுக்காரரின் தங்கை. விடுதி நடத்தும் அம்மா ஒருவர். அவருடைய கார் டிரைவர். என் வீட்டுக்காரர் இல்லை. லாரியில் பூண்டு ஏற்றப் போகிறேன் என்று வெள்ளனே கிளம்பிவிட்டார். இருந்து பார்க்க அவருக்கு மனசில்லை.

கடை மலைமேல் நாயுடுபுரத்தில். யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கிறோம். நாத்தனார் திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டு வந்தவள். வந்ததிலிருந்து சென்ட் செய்வதுதான் அவள் சோலி. ஆரஞ்சுத் தோல் எண்ணெய், மல்லிகை எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய். கலப்பாள், முகர்வாள், கொட்டுவாள், மறுபடி கலப்பாள்.

முந்தின நாள் ராத்திரி அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், சொல்லிவிட்டார்.

"அந்தம்மா வாங்கலேன்னா பேசாம திருப்பூருக்கு பஸ் ஏறு."

"சரிண்ணே," என்றாள்.

விடுதிக்கார அம்மா மலையிலேயே செய்த சென்ட் ஒன்றைத் தன் விடுதியில் வைத்து விற்கத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் வந்தார். வெளியே மூட்டம். நாத்தனார் அவர் மணிக்கட்டில் இரண்டு சொட்டு வைத்தாள்.

முகர்ந்தார்.

"ஆரஞ்சுதான் தெரியுது. பூ எங்கம்மா?"

"அது மொத வாசம் மேடம். அது போனப்பறம் பூ வரும்."

காத்திருந்தோம். ஆரஞ்சு அப்படியே நின்றது. பூ வரவில்லை.

அவர் என் கையைக் கேட்டார். எனக்கும் இரண்டு சொட்டு வைத்தாள். அவர் குனிந்தார், உடனே நிமிர்ந்தார். வாசலில் நின்ற டிரைவருக்கே வாசம் எட்டிவிட்டது.

"என்னக்கா, சளி பிடிச்ச மல்லியப்பூவா?"

இங்கே காலையில் எழுந்ததும் குளிருக்குத் தைலம் தேய்ப்போம், கழுத்தில், கையில். பல் விளக்குவது மாதிரி அது. தேய்த்த நினைப்பே இருக்காது. சென்ட் வேலைக்காக நாத்தனார் அதை விட்டிருந்தாள். நான் விடவில்லை. அன்றும் தேய்த்திருந்தேன்.

அந்த அம்மா கைப்பையை எடுத்தார். "அப்பறம் பாக்கலாம்மா."

நாத்தனார் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். விடவில்லை.

"மேடம், கை ஐஸாட்டம் கெடக்குங்க. நான் எப்பவும் அடுப்படியில வச்சே போட்டுப் பாத்துட்டேன். அங்க கை சூடா இருக்கும். சூடில்லாம பூ எந்திரிக்காது."

டிரைவரைப் பார்த்தாள். அவர் கீழே ஒட்டன்சத்திரத்துக்காரர். குளிர் ஆகாது. குல்லா, மப்ளர், கம்பளி உறை போட்ட கை.

"அண்ணே, அந்த உறையக் கழத்துங்க."

"எனக்கா? பூ வாசத்தோட போனா எம் பொண்டாட்டி கதவத் தொறப்பாளா?"

"தொறக்கலேன்னா நான் வந்து சாட்சி சொல்றேன். நீட்டுங்க, வெரசா."

நீட்டினார். முதலில் ஆரஞ்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அப்புறம் மல்லிகை. தலையில் வைத்து வாடின பூ இல்லை. வெயில் ஏறுமுன் செடியில் இருக்குமே, காம்போடு, பச்சையாக, அது. டிரைவர் தன் கையைத் தானே முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏ யப்பா," என்றார். கிண்டல் நின்றுபோனது.

விடுதிக்கார அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். நான் டீ போட்டு வந்தேன். அவர் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பாதி குடிக்கும்போது நிறுத்தி மணிக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இப்ப என் கையிலயும் வருதே!"

"வருங்க மேடம். எங்க போகும்?"

"மேடம், எனக்கு இப்ப வேற அடிக்குது," என்றார் டிரைவர். "மழ பேஞ்ச மண்ணாட்டம். வேராட்டம்."

"வெட்டிவேருண்ணே. அது கடைசி. சாயங்காலம் வரைக்கும் போகாது."

அந்த அம்மா சிரித்தார். "பாட்டில் மேல எழுதிரும்மா. கைய நல்லாத் தேச்சு சூடாக்கிட்டுப் போடணும்னு. நம்ம குளிருக்கு அது வேணும்."

பிறகு எத்தனை வேண்டும் என்று சொன்னார். நாத்தனார் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். கார் போனதும் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நான் கனம்.

என் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்ன சொன்னாங்க?"

நாத்தனார் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முந்நூறு பாட்டில்."