பூ இல்லாமல் இறங்கிய மாடுகள்

மலை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இரண்டு நாள் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு. நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். முதல் நாள் என் வீட்டுக்காரர் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, "பாரு, பாரு" என்றார். பார்த்தேன். மூன்று பக்கம் பனி மூடிய மலை, நாலாவது பக்கம் மாமியார்.

என் வீட்டுக்காரர் ஜெர்மானிய மலைக்காரர். பழவேற்காட்டு டச்சுக் கோட்டையில் சிப்பாயாக இருந்தவர். எங்கள் குப்பத்து ஆட்களோடு பேசிப் பேசி, என் நைனாவுக்குச் சமமாகத் தமிழில் திட்டுவார். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கூட்டி வந்தார். யாரோ ஒரு அதிகாரியின் பிள்ளைகளுக்கு ஆயா என்று சொல்லித்தான் என்னைக் கப்பலில் ஏற்ற முடிந்தது. வந்த இடத்தில் அவருடைய அண்ணனுக்குக் கால் முறிந்திருந்தது. கோடை முழுவதும் மாடுகளை மேல் புல்வெளியில் மேய்க்க இவரை விட்டால் ஆள் இல்லை.

"இந்த ஒரு கோடதாம்மே. மாடு எறங்கனா நாமளும் கெளம்பிடலாம். பனி வுழுந்து கணவாய் மூடிக்கறதுக்குள்ள போயிடலாம்."

"மூடிக்கிச்சுனா?"

"அட, இன்னாமே நீ. மாடு எறங்கற அன்னிக்கி பாரு. தலைல பூ, கழுத்துல மணி. நம்ம திருப்பாலைவனத்துப் பொங்கலு மாரியே இருக்கும்."

அந்தக் கோடையில் எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் பழவேற்காட்டு ஏரியில் நின்றால் எங்கோ பெய்கிற மழைகூடத் தெரியும். இங்கே சூரியனே மலை ஏறித்தான் வரவேண்டும். சாயங்காலம் மேலிருந்து அவர் குரல் வரும். சொல் இல்லாத நீளக் குரல், பாறைக்குப் பாறை தாவி இறங்கும். மாமியார் வாசலில் நின்று அதே மாதிரி பதில் கொடுப்பார். நானும் கத்திப் பார்த்தேன். கோழிகள்தான் ஓடின.

மாடுகள் இறங்குகிற நாளன்று விடிந்ததுமே மூட்டை கட்டிவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை, காட்டுப்பூக்களைப் பறித்து மாலையும் தொடுத்தேன். மதியம் மாடுகள் வந்தன. பூ இல்லை, மணி இல்லை. ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாட்டுக்குக்கூட மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் முதல் மாட்டின் கழுத்தில் மாலையைப் போட்டேன்.

"இன்னாய்யா, பூ வெக்கக்கூட சோம்பலா?" என்று கத்திக்கொண்டே அவரைத் தேடினேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. மாமியார் வந்து மாலையைக் கழற்றினார். மாடுகளுக்குப் பின்னால் நான்கு பேர் அவரைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாறையில் கால் வழுக்கியிருக்கிறது. மலையில் சாவு விழுந்தால் மாட்டுக்குப் பூ கிடையாதாம். தூரத்திலேயே ஊருக்குச் செய்தி தெரிய அதுதான் வழியாம். பூ வைப்போம் என்று சொன்னவர் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்காக இன்றும் அவர் மேல் எனக்குக் கோபம்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மூட்டையோடு அவருடைய அண்ணன் முன்னால் போய் நின்றேன். கடலுக்கு எந்த வழி என்று, தெரிந்த நாலு சொல்லை வைத்துக் கேட்டேன். கையால் அலை போட்டுக் காட்டினேன். அண்ணன் தாயைப் பார்த்தார். தாய் தெரியாது என்று தலையை ஆட்டினார். கணவாய் அன்று திறந்துதான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் என்னைத் தவிரக் கடலைப் பார்த்திருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.