குண்டன் கொழும்புக்குப் போன கதை

பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் சாரி மடித்துக் காலம் தள்ளும் விஜயலெட்சுமிக்குச் சிரிப்புப் படம் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சீனப் படம். ஒல்லிக் கதாநாயகன், அவனுக்கு ஒரு குண்டுக் கூட்டாளி. இருவரும் வாத்துக்கடை வைத்திருப்பார்கள். கொள்ளைக்காரன் வந்தால் வாத்தைத் தூக்கியே சாத்துவார்கள். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லயத்து வரிசை வீட்டு ஆட்கள் ஒன்றுசேர்ந்து தீபாவளிக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த படம்.

சீனம் யாருக்குத் தெரியும்? அவள் அண்ணன் நிமலனுக்கும் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்த மகராசன் டிவிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு வாயசைப்புக்கும் தமிழ் சொன்னான். "அடேய் கங்காணி! பெரட்டுக்குப் பிந்தி வந்தா வெரட்டுவியா? இந்தா, வாங்கிக்க வாத்து!" லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. கொள்ளைக்காரத் தலைவன் ஏதோ சீனத்துத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கங்காணிதான் என்று ஊரே நம்பியது. நிஜக் கங்காணியும் கடைசி வரிசையில் இருந்து சிரித்தார், பாவம்.

பிறகு நிமலன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். சண்டைக் காலம் அது. தமிழ்ப் பையன்களைத் தெருவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போன காலம். கொஞ்ச நாளில் அவனிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. அப்பா தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா பெரியாயி மட்டும் கண்ணீர் விடவில்லை. "தீபாவளிக்கு வந்துருவான்," என்றாள். முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்னமும் அதையேதான் சொல்கிறாள்.

அவன் இல்லை என்பது விஜயலெட்சுமியின் மனசுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கனவில் வருவான். வாய் அசையும், சத்தம் வராது. அண்ணனின் குரலே அவளுக்கு மறந்துபோய்விட்டது. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அம்மாவுக்காக வருடா வருடம் கடையிலிருந்து அவனுக்கென்று இடுப்பில் கட்ட ஒரு சாரம் எடுத்துப் போனாள். இப்போது அம்மா படுத்த படுக்கை. டாக்டர் கையை விரித்துவிட்டார். வருகிற அமாவாசைக்காவது அண்ணனுக்குத் திதி கொடுத்தால்தானே அவன் ஆத்மா அடங்கும்? ஆனால் அதை எந்த வாயால் அம்மாவிடம் கேட்பது? கேட்ட மாத்திரத்தில் கிழவியின் உயிர் போய்விட்டால்?

இப்படி அவள் வெந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கூட வேலை செய்யும் றிஸ்னி போனை நீட்டினாள்.

"அக்கா, நீங்க சொன்ன வாத்துப் படம் கெடச்சிட்டு. தமிழ்லயே ஈக்கி!"

சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல் இருவரும் சாரிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். யார் யாரோ பட்டணத்துக் குரலில் பேசினார்கள். கங்காணி இல்லை, பெரட்டு இல்லை. றிஸ்னி விழுந்து விழுந்து சிரித்தாள். விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனின் குரல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய?

அப்போது அந்த இடம் வந்தது. அந்த இடத்தில் அண்ணன் எப்போதும் "டேப் சிக்குது" என்று படத்தை ஓட்டிவிடுவான். போனில் எதுவும் சிக்கவில்லை. குண்டனைக் கத்தியால் குத்தினார்கள். அவன் கூட்டாளியின் மடியில் தலையை வைத்து, "கடையப் பாத்துக்க" என்று சொல்லிச் செத்துப்போனான்.

லயத்துப் பிள்ளைகள் "குண்டன் எங்க?" என்று கேட்டபோது அண்ணன் சொன்ன பதில் அவன் குரலிலேயே விஜயலெட்சுமியின் காதில் விழுந்தது. "குண்டன் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டான். தீபாவளிக்கு வந்துருவான்."

"யா அல்லாஹ்! என்னக்கா, மொகம் இப்பிடி வெளுத்துப் பெய்த்து?" என்று றிஸ்னி பதறினாள். விஜயலெட்சுமி கடைசி வரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அம்மாவின் கட்டிலடிக்குப் போனாள்.

"அம்மா, இன்னைக்கு அந்த வாத்துப் படம் பாத்தேன்."

பெரியாயி கண்ணைத் திறந்தாள். "குண்டன் செத்ததப் பாத்தியா?"

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"தீபாவளிக்கு மொத நாளு, டெக் வந்த அன்னைக்கு வெள்ளன நானும் அண்ணனுந்தான் போட்டுப் பாத்தோம். நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்க அழுவுங்களேன்னு, கொழும்புக்குப் போயிட்டான்னு சொல்லுடான்னேன். நாந்தான் சொல்லிக் குடுத்தேன். என் பாழாப்போன வாய்!"

"அப்ப அண்ணன்?"

"கூட வேல செஞ்ச பய ஒருத்தன் கொழுந்து எடுக்கிற மலைக்கே வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போனான். சுட்டுட்டாங்களாம். நீ சின்னப்புள்ள. அப்பாவுக்கு அப்பவே நெஞ்சுவலி. என்ன பண்றதுன்னு தெரியல, அதே பொய்யச் சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே நெசமாட்டம் ஆயிருச்சு."

"எனக்காச்சும் சொல்லியிருக்கலாமேம்மா!" விஜயலெட்சுமி கத்தியே விட்டாள். "இம்புட்டு வருசமா!"

"நீதான் வருசந்தவறாம சாரம் கொண்டாந்தியேடி. புள்ள நம்பிக்கிட்டு இருக்காளேன்னு நெனச்சேன். அத நான் எப்பிடி ஒடைப்பேன்?"

விஜயலெட்சுமி கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்து அழுதாள். ஒருத்திக்காக ஒருத்தி செத்தவனை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள். அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஆளில்லாமல் போயிருக்கிறது. அம்மாவின் கை அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"குண்டன எடுத்து அடக்குனாங்களா?" என்று பெரியாயி மெதுவாகக் கேட்டாள். "அதுக்குள்ள பெரட்டுக்கு நேரமாயிருச்சு, நான் ஓடிட்டேன்."

"இல்லம்மா. அடுத்த சீன்லயே வாத்தத் தொரத்திக்கிட்டு ஓடுறாங்க. அடக்குனத காட்டல."

பெரியாயி கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"நமக்குந்தான் காட்டல," என்றாள். "வர்ற அமாவாசைக்கு அண்ணனுக்கும் குண்டனுக்கும் சேத்தே திதி குடுத்துரு."