மின்கவசனுக்குக் கண்ணீர் அஞ்சலி

1. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மின்கவசன் இறந்துபோனான்.
2. அதே நொடியில் எங்கள் தெருவில் கரண்ட் போனது.
3. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரங்கல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரிலும் மூத்தவருக்குப் பன்னிரண்டு வயது.
4. ஒன்றரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டது.
5. மூன்றரை மணிக்கு என் மாமாவுக்கு ரோஜா மாலை வந்தது.

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஐந்தாவதில்தான் தொடங்குவார்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. நான் ஒன்றிலிருந்து சொல்கிறேன். ஒன்றிலிருந்து நான்கு வரை என்னுடைய வேலை. அதை நான் சொல்வதுதான் முறை.

மின்கவசன், ஞாயிறுதோறும் காலையில் வந்த ஒரு தொடரின் நாயகன். ஏதோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். தலைக்கவசத்தை அவன் கழற்றியதே இல்லை. பகலில் அவன் யார், எங்கே வேலை செய்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்தால் கையை உயர்த்தி, "மின்சாரம் என் பக்கம்!" என்பான். அந்த வருடம் மின்சாரம் பெரும்பாலும் எங்கள் பக்கம் இருந்ததில்லை. அதனால் அயனம்பாக்கத்தில் அந்த வசனத்தை நாங்கள் வேண்டுதலைப்போலச் சொல்வோம்.

ஒரு மாதமாக விளம்பரம் செய்தார்கள்: "பருவத்தின் இறுதி அத்தியாயம்." தொடருக்குப் பருவம் உண்டு, ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பருவம் புரியவில்லை, இறுதி புரிந்தது. இறுதி யாத்திரை, இறுதி ஊர்வலம், இறுதி மரியாதை என்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் சுவரில் படித்த சொல். ஆகவே, அவன் சாகப்போகிறான் என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே முடிவுசெய்திருந்தோம்.

செத்தான். மின்நிலையத்தில் பாய்லர் வெடிக்கப்போகிறது. எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு, கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டான். வெடித்தது. புகை. தரையில் கிடந்த கையை நோக்கித் திரை மெதுவாக நெருங்கியபோது கரண்ட் போனது.

தெருவே கத்தியது. எதிர்வீட்டு இரட்டையரில் அண்ணன், ரிமோட்டை எறிந்து பேட்டரியை உருளவிட்டான். தங்கை சத்தமில்லாமல் அழுதாள். பின்வீட்டுப் பையன் ஒருவன் கவசத்துக்காக வைத்திருந்த எண்ணெய் டின் தகரத்தை நசுக்கினான். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்குச் செத்தது மின்கவசன். எனக்குச் செத்தது மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாய்லர் பகுதி. அவர்தான் மின்கவசன் என்று நான் முடிவுக்கு வந்ததற்கு ஆதாரங்கள் இருந்தன. இரவு ஷிப்டுக்குப் போய்க் காலையில் வருவார். முன்கையில் பொட்டுப்பொட்டாகத் தீக்காயங்கள். ஆணியில் மஞ்சள் ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர் ஓடும் நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. ஞாயிறு என்றால் ஓவர்டைம் என்று தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிடுவார். நான்கு மணிக்குத்தான் வருவார். ஒருநாள் அவரை மடக்கினேன்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும் மாமா."

ஷூவில் இருந்த கை நின்றது. "இன்னா தெரியும்?"

"ஞாயித்துக்கெழம உனுக்கு ஓவர்டைமே இல்ல. வேற எங்கியோ போற."

மாமாவின் முகம் வெளுத்தது. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"நானே கண்டுபுடிச்சேன்."

"கண்ணு, உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. நேரம் வந்தா நானே சொல்றேன். சத்தியம் பண்ணு."

செய்தேன். இதைவிடத் தெளிவான ஒப்புதல் எந்தத் தொடரிலும் கிடைக்காது.

அதனால்தான் அன்று அம்மாவிடம் போய் அழ முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலி ஒட்டவேண்டும் என்பதில் கூட்டத்தில் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முதலில் நடப்பது அதுதான். என் கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு கிடைத்திருந்ததால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆனால் படம் வேண்டுமே. ஹெல்மெட்டோடு படம் போட்டால் மரியாதையாக இருக்குமா என்று இரட்டையரில் தங்கை கேட்டாள். செத்த பிறகு ரகசியத்துக்கு என்ன வேலை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"உங்க மாமாவா? போடி! போன வாரம் நாயி தொரத்திச்சின்னு எங்க ஊட்டு காம்பவுண்டு மேல ஏறி நின்னுகினு இருந்தாரே, அவுரா?"

"அது நடிப்பு. யாருக்கும் டவுட்டு வரக்கூடாதில்ல?"

அவள் யோசித்தாள். "அதான் அவ்ளோ நேரம் எறங்காம நடிச்சாரா?" என்றாள். பிறகு மீண்டும் அழ ஆரம்பித்தாள்.

அம்மா மாமாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம். பெண் வீட்டாருக்கு அனுப்ப ஸ்டுடியோவில் எடுத்த போஸ்ட்கார்டு அளவுப் படங்கள் மூன்று, அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்துவந்தேன். சார்ட் பேப்பரின் நடுவே ஒட்டி, சுற்றிலும் கறுப்பு ஸ்கெட்ச்சால் கட்டம் போட்டு எழுதினேன்: கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்பு மின்கவசன் அவர்கள் இன்று காலை வீரமரணம் அடைந்தார்.

"டைம் போடு," என்றான் இரட்டையரில் அண்ணன். "எடுக்கற டைம் போட்டாத்தான் ஜனம் வரும்."

"எத்தினி மணி?"

"நாலு. எங்க தாத்தாவ நாலு மணிக்குத்தான் எடுத்தாங்க."

இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும் என்று சேர்த்தேன். அம்மா பேருந்து நிறுத்தத்துக்குப் போகமாட்டாள். ஆகவே சத்தியமும் உடையாது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று. கண்ணீர் அஞ்சலியில் பெயரை யாரும் படிப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள், எடுக்கும் நேரத்தைப் பார்க்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் வந்தவர் அத்திப்பட்டிலிருந்து பெரியப்பா, கையில் மாலையோடு. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்து, "எப்பிடிம்மா ஆச்சி?" என்றார். அம்மா மாமாவின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பாடிக்குப் பறந்தார். அதற்குள் வாசலில் இருபது பேர். எல்லாரும் அழுததைப் பார்த்து, என் துக்கம் உறுதியானது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். நான் முன்பின் பார்த்ததில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடிவந்திருக்கவேண்டும். வார் அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது. கேட்டருகே நின்ற என் தோளைப் பிடித்தார்.

"நெஜமாவா பாப்பா?"

"ஆமா."

"எப்பிடி?"

"பாய்லர் வெடிச்சிடிச்சி. எல்லாரையும் வெளிய தள்ளிட்டு அவுரு மட்டும் உள்ள மாட்டிகினாரு."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். இவ்வளவு அழுகிறாரே என்று எனக்கு மதிப்பாக இருந்தது. "நீங்களும் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வாராவாரம் பாப்போமே," என்றார். "ஞாயித்துக்கெழம தவறாம பாப்போமே. இன்னிக்கி ஏரிக்கரையில மூணு மணி வரைக்கும் நின்னேன், வரலியே…"

"எங்களுக்கும் பாதியில பூடிச்சி," என்றேன் ஆறுதலாக.

அவர் எழுந்து உள்ளே ஓடினார். அதுவரை போனையே பார்த்துக்கொண்டு, அழவும் முடியாமல் நம்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன் விழுந்து, "பாய்லர் வெடிச்சிடிச்சாம்க்கா!" என்றார். அம்மா அப்போதுதான் அலறினாள். அந்தப் பெண்ணை வாரிக் கட்டிக்கொண்டாள். யார் நீ என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்து அழுதார்கள்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு மாமா வந்தார்.

பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்து, கடைசியில் நின்ற பெரியப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இன்னா மாமா, யாரு பூட்டாங்க?"

"நீதான்டா," என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். மாலை கீழே விழுந்தது.

அம்மா ஓடிவந்து முதலில் ஓர் அறை விட்டாள். பிறகு முகத்தைத் தடவினாள். பிறகு இன்னோர் அறை. "போனு எங்கடா?"

"சார்ஜு இல்லக்கா. காலைல ஷிப்டு முடிஞ்சி கெளம்பசொல்ல பாய்லர்ல லீக்கு. நெஜமாவே ஓவர்டைம் குத்துட்டாங்க."

'நெஜமாவே' என்ற சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அது வாயைவிட்டு வந்த அதே நேரத்தில் அம்மாவின் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டார். "நீ எங்க இங்க…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கூட்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் யாரோ சார்ட்டைக் கிழித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார்கள். அம்மா சத்தமாகப் படித்தாள். மின்கவசன் என்ற இடத்தில் நின்றாள். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. இரட்டையர் எனக்குப் பின்னால் இல்லை.

அடி விழுந்ததா என்று இன்றும் கேட்பார்கள். விழவில்லை. உயிரோடு ஒருவர் திரும்பிவந்த வீட்டில் யாருக்கும் கை ஓங்க மனம் வரவில்லை. ஓங்கிய இரண்டையும் மாமாவே வாங்கியிருந்தார். பெரியப்பா மாலையைப் பொறுக்கி எடுத்து, "இத்த இன்னா பண்றது இப்ப?" என்று கேட்டதும் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும்.

நான் மாமாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எப்பிடித் தப்பிச்ச?"

"யாரு, உங்காளா? கேன்டீன் டிவில பாத்தேன். சாவல அவன். கடைசில வெரலு ஆடிச்சி."

"அப்ப அடுத்தது கீது!" என்று மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து இரட்டையரின் குரல் வந்தது.

கூட்டம் கலைந்தது. பாடி வரை போய் விசாரித்த அப்பாவும் திரும்பிவந்தார். அம்மா அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள்.

"நூம்பல்க்கா."

"நூம்பல்ல எந்தப் பக்கம்?"

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். "ரோட்டுக்கு அந்தாண்ட," என்றார் அந்தப் பெண் மெல்ல.

அம்மா தெருப் பக்கம் பார்த்தாள். வழி கேட்கிறாள், வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தப் பெண்ணின் கைக்குள் இருந்தது. "காலைலேர்ந்து இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

'எந்தப் பக்கம்' என்பது வழி கேட்கும் கேள்வி அல்ல என்பதும், எங்கள் ஊர்களில் அந்தக் கேள்வி முதலில் வரும் என்பதும், அதற்கு வரும் பதிலோடு பேச்சு முடிந்துவிடும் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தன. அன்று வரிசை மாறிவிட்டது. கட்டிப்பிடித்தது முதலில், கேள்வி பிறகு. கட்டிப்பிடித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவின் பக்கத்தில் சிலர் மாமாவின் கல்யாணத்துக்கு வரவில்லை. பெரியப்பா வந்தார், மாலையோடு.

இப்போது நான் மென்பொருளில் பிழை தேடும் வேலையில் இருக்கிறேன். என் கையால் நேர்ந்த முதல் பிழை, கறுப்புக் கட்டத்தோடு, அன்று அறுந்த செருப்போடு ஓடிவந்த அத்தையின் பீரோவில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மின்கவசனின் அடுத்த பருவம் தமிழில் வரவே இல்லை. அவனுடைய விரல் ஆடியதோடு நிற்கிறது. மாமா பாடியில் அதே தொழிற்சாலையில், அதே பாய்லர் பகுதியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் போவதில்லை. நலமாக இருக்கிறார்.